வழியனுப்பும் துறை: மீனம்பாக்கத்தின் பழைய நாள்கள்

(திருப்பாலைவனத்தில் நிகழ்ந்த இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



திருப்பாலைவனம் என்னும் ஊர்ப்பெயரில் பாலை இருக்கிறது. ஊரைச் சூழ்ந்த நிலமோ நெய்தல். பாலை மரங்கள் செறிந்த காடாக இருந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர். அச்சொல் மரத்தைக் குறித்தாலும், தமிழ் கற்றவர் செவியில் அது திணைப் பெயராகவும் ஒலிக்கும். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஒருவர் புறப்பட்டுப் போவதும், போனவரை எண்ணி மற்றொருவர் கரையில் நிற்பதும் இவ்வூரின் பெயரிலும் மண்ணிலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிரிவு நிகழும் இடம் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் ஏற்ற அவை அமையாது.

அந்த இடம் மீனம்பாக்கம். கட்டுக்காவல் வருவதற்கு முன் சென்னை விமான நிலையம் எவ்வாறு இருந்தது, அந்த நாள்களை முதியோர் ஏன் இத்தனை ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர், அந்த ஏக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பனவே இவ்வுரையின் பொருள்.

துறை என்னும் சொல்

தமிழில் துறை என்பது படகு கரை சேரும் இடம். அதுவே செய்யுளின் உட்பிரிவுக்கும் பெயர். நீரில் இறங்கும் வழியும் பாட்டுக்குள் இறங்கும் வழியும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது எண்ணத் தக்கது. ஆங்கிலத்தில் விமான நிலையத்தைக் குறிக்கும் ஏர்போர்ட் என்னும் சொல்லிலும் துறைமுகம் ஒளிந்திருக்கிறது. வானத்துக்கு ஒரு துறை என்பதே அதன் பொருள்.

துறை என்றால் பழவேற்காட்டுக்குப் பழைய வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் இங்கு வந்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமைத் துறை இதுவே. இங்கிருந்து நெய்த துணிகள் கீழைத் தீவுகளுக்குப் போயின. துணிகளோடு மனிதரும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். அவர்களை வழியனுப்பக் கரையில் எவரும் நின்றதாக வரலாறு பேசவில்லை. வேலியும் வாயிலும் இல்லாத கரை என்பதாலேயே ஒரு கரை உரிமையுள்ள கரையாகிவிடாது. பழைய நாள்களை எண்ணி உருகும்போது இவ்வுண்மையை உடன் வைத்துக்கொள்ளுதல் நன்று.

இன்னொன்றும் இந்த ஏரி கற்றுத்தரும். வேலியில்லாமை வேறு, முறையில்லாமை வேறு. ஏரியில் வலை கட்டும் மீனவரிடையே 'பாடு' என்னும் முறை வழங்குகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது முறை வைத்துத் தீர்மானிக்கப்படும். நீரின்மேல் கம்பி வேலி கிடையாது. ஆயினும் ஒருவர் பாட்டில் மற்றொருவர் வலை வீசுவதில்லை. பழைய மீனம்பாக்கத்தைப் புரிந்துகொள்ள இந்தப் 'பாடு' துணைசெய்யும்.

வானில் திறந்த துறை

சென்னைக்கு விமானம் வேடிக்கைப் பொருளாகவே வந்து சேர்ந்தது. 1910இல், ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்னும் விடுதி உரிமையாளர் சிம்ப்சன் நிறுவனத்தின் துணையோடு தாமே ஒரு விமானத்தை உருவாக்கிப் பறக்கவிட்டார். தீவுத்திடலில் மக்கள் கட்டணம் செலுத்தி அதனைக் கண்டனர். ஆகவே இந்நகரில் விமானத்துக்குப் பயணி வாய்ப்பதற்கு முன்பே பார்வையாளர் வாய்த்துவிட்டனர். பின்னாளில் மீனம்பாக்கத்தின் மாடத்தில் நின்ற கூட்டம் அந்தத் தீவுத்திடல் கூட்டத்தின் வழித்தோன்றல் எனலாம்.

அடுத்து வந்தது அஞ்சல். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டையைக் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனை ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். இந்திய வான்வழிப் போக்குவரத்தின் முதல் நெடும்பாதை சென்னையில் முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சென்னைக்கு வான்வழியாக முறைப்படி முதலில் வந்தவை கடிதங்கள்தாம். மனிதர் அதன் பின்னரே வந்தனர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1935 நவம்பர் 27ஆம் நாள், இலங்கையின் இரத்மலானை நிலையத்தில் முதன்முதலாக ஒரு விமானம் தரையிறங்கியது. அது புறப்பட்ட இடமும் சென்னை. அதனை ஓட்டியவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம் இரத்மலானையில் தொடங்கி யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாகச் சென்னையை அடைந்தது. கொழும்பும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே நூலில் கோக்கப்பட்ட நாள் அது.

1949 ஜனவரியில் தொடங்கிய இரவு அஞ்சல் சேவை இன்னும் சுவையானது. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். நான்கு திசைக் கடிதங்கள் நள்ளிரவில் நாட்டின் நடுவே சந்தித்துப் பிரியும் இக்காட்சி ஒரு கவிதைக்குப் போதுமானது. ஆனால் அதை எழுதிய தமிழ்க் கவிஞர் அரியர்.

கயிறு ஒன்றே எல்லை

1954இல் மீனம்பாக்கத்தில் பயணிகளுக்கான முனையக் கட்டடம் அமைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளே முதியோர் நினைவில் வாழும் பழைய மீனம்பாக்கம். 1985இல் திரிசூலம் பக்கமாக உள்நாட்டு முனையமும், 1989இல் பன்னாட்டு முனையமும் எழுந்தபின் பழைய கட்டடம் சரக்குகளுக்கு உரியதாயிற்று.

அந்த மீனம்பாக்கத்துக்குப் போவது எளிது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடியது. திருப்பாலைவனத்தார் ஒருவர் பொன்னேரியில் ரயிலேறிச் சென்னை சென்று, தாம்பரம் வண்டிக்கு மாறி, மீனம்பாக்கத்தில் இறங்கினால் போதும். உள்ளே நுழைய யாரும் பயணச்சீட்டைக் கேட்பதில்லை. புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை என்னும் பேச்சே கிடையாது. சிறு கட்டணம் செலுத்திப் பார்வையாளர் மாடத்துக்கு ஏறினால் ஓடுபாதை கண்ணெதிரே விரியும். அதன் பின்னால் பல்லாவரத்துக் குன்றுகள் தெரியும்.

விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே இன்றுள்ளதுபோல் மூடிய நடைபாலம் இல்லை. பயணி வெயிலில் நடந்து சென்று, உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திய ஏணியில் ஏறுவார். மேல்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். மாடத்தில் நிற்பவர் அவரை அடையாளம் கண்டு கையசைப்பார். அந்த ஒரு கணத்துக்காகவே குடும்பம் முழுதும், அண்டை வீட்டாரும், சில வேளைகளில் தெருவே திரண்டு வந்திருக்கும். பயணி ஒருவர், வழியனுப்ப வந்தவர் இருபதின்மர் என்பது வியப்பன்று.

டக்கோட்டா, வைக்கவுண்ட், ஃபோக்கர், கேரவெல், போயிங் என விமானங்கள் மாறிக்கொண்டிருந்தன. அவற்றின் பெயர்களைச் சிறுவர்கள் சுழலியின் ஒலி கொண்டே சொல்லிவிடுவர். புறப்படும்போது பயணிகளுக்கு மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் வழங்கப்பட்டன. ஊர் திரும்பியவர் மிட்டாயைத் தின்னாமல் வைத்திருந்து பேரப்பிள்ளைக்குத் தருவதும் உண்டு. பறந்து வந்தமைக்கு அதுவே சான்று.

தலைவர்களை வரவேற்கும் முறையும் இன்று நம்பத் தகாததாகத் தோன்றும். விமானத்தின் ஏணியடி வரை தொண்டர்கள் மாலையோடு செல்வர். 1968இல் அறிஞர் அண்ணா அமெரிக்காவில் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்று நவம்பரில் திரும்பியபோது, அவரைக் காண மக்கள் திரண்டனர். மாலையை நேரே கழுத்தில் இடும் உரிமை பொதுமக்களுடையது என்றே அக்காலம் கருதியது.

அங்கே முறை இல்லாமலில்லை. சுழலும் இறக்கையின் அருகே போகக் கூடாது என்பதைக் காவலர் சொல்லாமலே மக்கள் அறிந்திருந்தனர். தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அல்லது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு; அவ்வளவே எல்லை. ஏரியின் 'பாடு' போல, மதிப்பவர் உள்ளவரை அந்தக் கயிறு போதுமானதாக இருந்தது.

ஏறியவர் சிலர்

இங்கே ஏக்கத்தை ஒரு கேள்வியால் நிறுத்த வேண்டியுள்ளது. அந்த விமானத்தில் ஏறியவர் யார்?

அரசு உயர் அலுவலர், வணிகர், திரைப்படத் துறையினர், மேற்படிப்புக்குச் செல்லும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரே பெரும்பாலோர். எளியவர் கடல் கடந்தால் கப்பலில் கடந்தனர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தமிழர் பலர் 'ரஜூலா' கப்பலில் சென்றவர்கள். ஏணியடி வரை சென்று வேடிக்கை பார்க்கும் உரிமை எல்லார்க்கும் இருந்தது. ஏணியில் கால் வைக்கும் வாய்ப்பு மிகச் சிலர்க்கே இருந்தது.

அக்காலத் தமிழ் எழுத்திலும் இதன் தடம் உண்டு. 1963இல் ஆனந்த விகடனில் தொடராக வந்த சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' ஒரு தமிழ்க் கல்யாணத்தையே அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று நடத்திக் காட்டிச் சிரிக்க வைத்தது. வாசகர் பெரும்பாலோர் விமானத்தில் ஏறாதவர்கள் என்பதனால்தான் அந்த நகைச்சுவை அத்தனை இனித்தது. மணியனின் 'இதயம் பேசுகிறது' பயணக் கட்டுரைகளையும் தமிழகம் ஆவலோடு படித்தது. மாடத்தில் நின்று பார்த்தவர்க்கு, பறந்து சென்ற ஒருவர் எழுதிய கடிதம் போலவே அவை அமைந்தன.

எழுபதுகளில் நிலை மாறத் தொடங்கியது. வளைகுடா நாடுகள் ஆள் தேடின. கொத்தனார், தச்சர், ஓட்டுநர், செவிலியர், மீன்பிடி தொழிலாளர் எனக் கைத்தொழில் வல்லோர் விமானத்தில் ஏறினர். அவர்களின் நலன் காக்க 1983இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பெண்களோடு கடல்வழிச் செலவு இல்லை என்று தொல்காப்பியம் வரையறுத்த பிரிவு இலக்கணத்தைச் செவிலியர் மாற்றி எழுதினர். தலைவி பறந்து செல்ல, தலைவனும் குழந்தைகளும் கரையில் நிற்கும் புதிய பாலை பிறந்தது.

ஆனால் எளிய மக்கள் ஏறத் தொடங்கிய அதே காலத்தில்தான் வாயில்களும் மூடத் தொடங்கின. இவ்வுரையின் நடுப்பொருள் இதுவே. அன்று எல்லாரும் ஏணியடி வரை வரலாம், சிலரே ஏறலாம். இன்று பலரும் ஏறலாம், உடன் எவரும் வரலாகாது. வழியனுப்புதல் யாருக்கு மிகுதியும் தேவையோ, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் முன்பின் அறியாத நாட்டுக்குப் போகும் அந்தத் தொழிலாளியின் வீட்டாருக்கு, அது கிட்டவில்லை.

காவல் வந்த வழி

வாயில்கள் ஒரே நாளில் மூடவில்லை. காரணமின்றியும் மூடவில்லை.

1971 ஜனவரி 30ஆம் நாள் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற 'கங்கா' என்னும் ஃபோக்கர் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பின் எரிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் பயணிகள் அனைவரும் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 1976 செப்டம்பரில் மற்றோர் இந்திய விமானம் கடத்தப்பட்டதன் விளைவாக ஆய்வுக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1978இல் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு உருவாகி, 1987 ஏப்ரலில் தனித் துறையாயிற்று. 1982இல் விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது.

இவையெல்லாம் தொலைவிலிருந்து வந்த செய்திகள். மீனம்பாக்கத்துக்கே அந்த இருள் வந்தது 1984 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவில். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்தைக் குறிவைத்துப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட வெடிகுண்டு நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். இலங்கைப் பயணிகள் பலர் அவர்களுள் அடங்குவர். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் கோத்த அதே பாதைக்கு, அந்த இரவில் இரத்தத்தால் ஒரு முடிச்சு விழுந்தது. மாடமும் மாலையும் கையசைப்பும் நிறைந்த மீனம்பாக்கத்தை நினைவுகூர்வோர் இந்த இரவை விடுத்து நினைவுகூர்ந்தால் அந்நினைவு அரை நினைவே. கயிற்றை மதிக்காத ஒருவன் வந்தபோது கயிறு யாரையும் காக்கவில்லை.

மறு ஆண்டு 1985 ஜூன் 23ஆம் நாள் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அட்லாண்டிக் கடல்மீது வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தனர். உரியவர் ஏறாமல் அவர் பெட்டி மட்டும் ஏறியதே அதற்கு வழிவிட்டது. இதன்பின் பெட்டியையும் பயணியையும் இணைத்துச் சரிபார்ப்பது முறையாயிற்று. விமானத்தின் அருகே பெட்டிகளை வரிசையாக அடுக்கி, பயணி வந்து தம் பெட்டியைச் சுட்டிக் காட்டிய பின்னரே அதனை ஏற்றும் வழக்கம் இந்திய நிலையங்களில் நெடுநாள் இருந்தது.

1991 மே 21 இரவு இராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கத்தில் வந்திறங்கி, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் சென்றார். மாலையுடன் நெருங்கி வந்த ஒருத்தியின் உடலில் குண்டு இருந்தது. ஏணியடியில் மாலையிடும் பழைய உரிமைக்கும் அன்றோடு முடிவு எழுதப்பட்டது.

1999 டிசம்பர் 24ஆம் நாள் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, நாட்டின் விமான நிலையங்கள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் காவலுக்குள் வந்தன. 2001 செப்டம்பர் 11க்குப் பின் உலகெங்கும் இடைவார், காலணி, நீர்ப்புட்டி எதுவும் சோதனைக்குத் தப்பவில்லை.

வாயிலுக்கு இப்பால்

இவற்றால் பயணம் காக்கப்பட்டது. அதில் ஐயமில்லை. ஆனால் இழந்தது எது என்று கேட்டால், வழியனுப்புவோர்க்கு உரிய இடம் என்றே சொல்ல வேண்டும்.

சங்க அகப்பாடல்களில் பிரிவுக்கு மாந்தர் பலர் உண்டு. பிரிபவர், பிரியப்படுபவர், தோழி, செவிலி, நற்றாய், வழியில் காணும் கண்டோர் என ஒவ்வொருவர்க்கும் கூற்று உண்டு. போகிறவனுக்கு மட்டும் கூற்றுத் தரும் மரபு தமிழில் இல்லை. நிற்பவரும் பேசுவர், அவர் பேச்சே பெரும்பாலும் பாட்டாகும். இன்றைய விமான நிலையமோ போகிறவனை மட்டுமே ஏற்கிறது. அவன் பெயர் சீட்டில் இருக்கிறது. முகம் அட்டையில் இருக்கிறது. நற்றாய்க்கு அங்கே பெயரும் இல்லை, இடமும் இல்லை.

ரயில் நிலையத்தில் இன்றும் நடைமேடைச் சீட்டு உண்டு. வண்டி நகரும்போது சன்னலைப் பிடித்துக்கொண்டு நான்கடி நடக்கலாம். விமான நிலையத்தில் வழியனுப்புதல் கண்ணாடிக் கதவின் முன் முடிகிறது. உள்ளே போனவர் வரிசையில் நிற்பது சிறிது நேரம் தெரியும். பிறகு வேறொருவர் முதுகு மறைக்கும். விமானம் எப்போது எழுந்தது என்பதும் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. கைப்பேசியில் ஒரு சொல் வந்தால் உண்டு.

பலாலியின் பாடம்

காவல் எந்த அளவுக்குப் பெருகலாம் என்பதைப் பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள பலாலி காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமைந்த அந்த ஓடுதளமே 1947இல் ஏர் சிலோன் விமானம் சென்னைக்கு வரும் வழியில் இறங்கிய இடம். உள்நாட்டுப் போர் மூண்டபின் நிலையத்தைக் காக்க அதனைச் சுற்றியுள்ள ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடும் தோட்டமும் கோயிலும் விட்டு வெளியேறினர். மீனம்பாக்கத்தில் காவல் வழியனுப்புவோரை வாயிலில் நிறுத்தியது. பலாலியில் காவல் அவர்களின் ஊரையே எடுத்துக்கொண்டது.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி பன்னாட்டு விமான நிலையமாக மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் அங்கே இறங்கியது. பாதை மீண்டது நற்செய்தி. ஆனால் ஓடுபாதையின் ஓரத்து ஊர்களுக்குத் தம் நிலம் திரும்பக் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்களின் கதை, திறப்பு விழாவின் கதையினும் நீண்டது. பாதுகாப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் யாருக்கு, யாரிடமிருந்து, எதுவரை என்று கேட்கும் பழக்கத்தைப் பலாலி கற்பிக்கிறது.

இரண்டும் கூடும்

காவலும் வழியனுப்புதலும் ஒன்றாக வாழ இயலாது என்று கருத வேண்டியதில்லை. ஜப்பானின் தோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஓடுபாதையைப் பார்க்கும் மாடங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையம் 2017இல், பயணம் செய்யாதவரும் அடையாளம் காட்டி, பயணியைப் போலவே சோதனைக்கு உட்பட்டு, விமான வாயில் வரை உடன்செல்ல ஒரு முறையை ஏற்படுத்தியது. செப்டம்பர் 11 நிகழ்ந்த நாட்டிலேயே இது நடந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. நாட்டின் மிகக் கடுமையான காவல் உள்ள இடங்களுள் அது ஒன்று. ஏவும் நாளில் கடலின் ஒரு பகுதிக்குள் போக வேண்டா என்ற எச்சரிக்கை மீனவர்க்கு வரும். அன்றைக்கு வலை காயும். எனினும் 2019இல் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஐயாயிரம் பேர் அமர்ந்து காணத் தக்க பார்வையாளர் மாடம் ஒன்றைத் திறந்தது. ராக்கெட்டை வழியனுப்ப மாடம் அமைக்க முடிந்த நாட்டில், தாய் மகனை வழியனுப்பவும் ஒரு மாடம் அமைக்க முடியும். அந்த ஏவுதளத்துக்காகத் தம் கடல் நாளை இழக்கும் மீனவரும் அம்மாடத்தில் முதல் வரிசைக்கு உரியர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

பழைய மீனம்பாக்கத்தைக் கண்டவர்கள் முதுமை எய்திவிட்டனர். ஏணியின் மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தவர், மாடத்தில் நின்று கையசைத்தவர், சுழலி ஒலியைப் பெயர் சொல்லி அழைத்த சிறுவர் ஆகியோரின் நினைவுகள் எழுதப்படாமல் போகின்றன. பயணம் செய்தவர் எழுதிய நூல்கள் தமிழில் உண்டு. வழியனுப்பியவர் எழுதிய நூல் எங்கே? இந்த ஏரிக்கரைக் குப்பங்களில் ஒருவரையேனும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பிவிட்டுக் கண்ணாடிக் கதவின் முன் நின்று திரும்பியவர்கள் இருப்பர். அவர்கள் கூற்று நெய்தலா, பாலையா? இரண்டும் கலந்த புதிய துறையா? அதற்குப் பெயரிட வேண்டியது இலக்கண ஆசிரியர் அல்லர், முதலில் கவிஞர்.

எழுதும்போது இரு பிழைகளை ஒதுக்குதல் வேண்டும். பழங்காலம் முழுதும் பொற்காலம் என்று எழுதினால் 1984 ஆகஸ்டு இரவில் மாண்டவர்க்கும், ஏணியில் கால் வைக்க வழியின்றிப் போன எளியவர்க்கும் அது அநீதி. சோதனை வாயில் வந்ததால் எல்லாம் சரியாயிற்று என்று எழுதினால் கதவுக்கு வெளியே நிற்கும் நற்றாய்க்கு அது அநீதி. இவ்விரண்டையும் ஒரே பாட்டில் தாங்கும் வலிமை தமிழ் அக மரபுக்கு உண்டு.

இலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். கூட்டத்துக்கு ஒருவர் என, ஏரிக்கரை ஊர்களில் வழியனுப்பியவர்களை அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்கலாம். எந்த ஆண்டு, எந்தப் பயணம், யாரை அனுப்பினார், எவ்வளவு தூரம் உடன்செல்ல முடிந்தது, அவர் திரும்பினாரா என்னும் ஐந்து கேள்விகள் போதும். விடைகள் சேர்ந்தபின் கவிதைகள் தாமே வரும்.